ஈசியு மாற்றிய பின் பெட்ரோல் ட்யூனிங் படியவில்லையா? தேட வேண்டிய வரிசை

பழைய ஈசியுவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ, லிங்க், ஹால்டெக் மாதிரி நாமே ட்யூன் செய்யக்கூடிய ஒன்றை மாட்டியாகிவிட்டது. இன்ஜினும் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஐடிலிங் ஏறி இறங்குகிறது, சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை, ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி அடைத்துக்கொண்டு அப்புறம்தான் எழுகிறது. உடனே லேப்டாப்பைத் திறந்து விஇ டேபிளில் (எந்த ஆர்பிஎம்மில், எந்தச் சுமையில் சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்ற பட்டியல்) எண்களைக் கூட்டிக் குறைக்கத்தான் கை போகும். அந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

காரணம் இதுதான். பெரும்பாலான தனி ஈசியுக்கள் ஸ்பீட் டென்சிட்டி முறையில் கணக்குப் போடுகின்றன. ஒரு சிலிண்டருக்குத் தேவையான அடிப்படை இன்ஜெக்டர் நேரத்தை எடுத்து, அதை விஇ சதவீதத்தால் பெருக்கி, மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தத்தால் பெருக்கி, காற்றின் வெப்பத்துக்கும் இன்ஜின் சூட்டுக்கும் திருத்தம் போட்டு, முடிவில் இன்ஜெக்டர் திறக்க ஆகும் தாமதத்தைக் கூட்டுகின்றன. இதில் எந்த இடத்தில் பிழை இருந்தாலும் விஇ எண்ணை மாற்றி அன்றைக்கு மறைத்துவிடலாம். வெயில் ஏறியதும், ஹெட்லைட் போட்டதும், மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினை எழுப்பியதும் அதே பிழை வேறு முகத்தோடு வந்து நிற்கும்.

பெட்ரோல் குறைவான கலவையை லீன் என்றும், மிகுந்ததை ரிச் என்றும் சொல்கிறோம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த விகிதம்தான் ஏஎஃப்ஆர். பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்த எண் சுமார் 14.1. ஆனாலும் பெரும்பாலான மீட்டர்கள் லாம்டாவை (இருக்கும் விகிதத்தைச் சரியான விகிதத்தால் வகுத்த எண்) அளந்து 14.7ஆல் பெருக்கிக் காட்டுவதால், அந்தப் பெட்ரோலிலும் திரையில் 14.7 என்றால் சரியான கலவைதான். குழப்பமாக இருந்தால் எல்லாவற்றையும் லாம்டாவிலேயே பாருங்கள், 1.00 என்பது எந்த எரிபொருளுக்கும் 1.00தான்.

சாவி ஆன், இன்ஜின் ஆஃப்

வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து லேப்டாப்பைப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளே போகும் காற்றின் வெப்பமும் ஒன்றாகவும், வெளியே உள்ள வெப்பத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும். ஒன்று 28, மற்றது 41 என்று காட்டினால் அந்த சென்சாருக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த அளவீட்டுப் பட்டியல் தவறு. மைனஸ் 40 என்று நின்றால் வயர் அறுந்திருக்கிறது அல்லது பிளக் மாட்டவில்லை. சந்தேகம் இருந்தால் சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளந்து பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் போஷ் வகை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓமும், 80 டிகிரியில் 300 ஓமுக்குச் சற்று மேலும் காட்டும்.

பழைய ஈசியுவை முழுதாகக் கழற்றாமல், மீட்டர் போர்டுக்காகவோ ஏசிக்காகவோ பக்கத்திலேயே ஓட விட்டிருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். ஒரே கூலன்ட் சென்சாரை இரண்டு ஈசியுவும் பகிர்ந்தால் இரண்டும் தத்தம் 5 வோல்ட்டை அதே வயரில் கொடுக்கும். சென்சார் வோல்டேஜ் உயரும், இன்ஜின் இருப்பதைவிடக் குளிர்ச்சியாக இருப்பதாகப் புது ஈசியு நினைக்கும், சூடேறிய பிறகும் குளிர்ந்த இன்ஜினுக்கான கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். புது ஈசியுவுக்குத் தனி சென்சார் போடுவதே தீர்வு.

மேனிஃபோல்ட் அழுத்தம் இன்ஜின் ஓடாதபோது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கல் அளவில், 1,000 மீட்டர் உயரத்தில் 90 அளவில். 2.5 பார் சென்சாரைப் போட்டுவிட்டு மென்பொருளில் 1 பார் சென்சார் என்று விட்டிருந்தால் இந்த ஓர் எண்ணிலேயே மாட்டிக்கொள்ளும். த்ராட்டில் சென்சாருக்கு மூடிய நிலையும் முழுதாகத் திறந்த நிலையும் பதிவாகியிருக்க வேண்டும். மெதுவாக மிதிக்கும்போது எண் எங்கும் குதிக்காமல் ஏற வேண்டும். பேட்டரி வோல்டேஜ் லேப்டாப்பில் ஒன்று, மல்டிமீட்டரில் வேறொன்று என்றால், அடுத்த பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

எர்த்

வேலை நேரத்தை அதிகம் தின்னும் பிழை இது. சென்சார்களின் எர்த் வயர்கள் எல்லாம் ஈசியுவின் சென்சார் எர்த் பின்னுக்கே போக வேண்டும், பாடிக்குப் போகக்கூடாது. ஈசியுவின் பவர் எர்த்கள் எல்லாம் இன்ஜின் பிளாக்கிலோ ஹெட்டிலோ ஒரே இடத்தில், பெயிண்ட் சுரண்டிய உலோகத்தில் போல்ட் ஆக வேண்டும்.

சோதிப்பது சுலபம். இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஈசியுவின் எர்த் பின்னிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் தொடுங்கள். ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஃபேன் ஓடத் தொடங்கியதும் த்ராட்டில் எண்ணோ கூலன்ட் எண்ணோ அசைந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் எர்த்தில் குறை இருக்கிறது.

பெட்ரோலுக்கு முன் டைமிங்

லேப்டாப்பில் தெரியும் டைமிங் (ஸ்பார்க் விழும் கோணம்) ஈசியுவின் நம்பிக்கை மட்டுமே. மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டுங்கள். டைமிங் லைட்டைக் கிராங்க் புல்லியில் அடித்துப் பாருங்கள். 10 டிகிரி வரும்வரை ட்ரிக்கர் கோணத்தை, அதாவது கிராங்க் சென்சாரின் குறி எங்கே இருக்கிறது என்று ஈசியுவுக்குச் சொல்லும் எண்ணைத் திருத்துங்கள். பிறகு 3,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பாருங்கள். குறி அதே இடத்தில் நிற்க வேண்டும். ஆர்பிஎம் ஏற ஏற நகர்ந்துகொண்டே போனால், இரண்டு வயர் கொண்ட காந்த வகை கிராங்க் சென்சாரின் வயர்கள் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பார்க் தாமதமாக விழும் இன்ஜின் ஐடிலில் அதிகக் காற்று கேட்கும், எக்சாஸ்ட் பழுக்கும், அதன் மேல் போடும் பெட்ரோல் கணக்கு எதுவும் பின்னால் நிற்காது. லாகில் (ஓடும்போது பதிவாகும் தரவில்) சிங்க் இழப்பு எண்ணிக்கை, அதாவது ஈசியு கிராங்கின் நிலையைத் தவறவிட்ட எண்ணிக்கை, ஒன்றுகூட ஏறக்கூடாது.

இன்ஜெக்டரும் அழுத்தமும்

முதலில் இன்ஜெக்டரின் மின்தடை. 12 முதல் 16 ஓம் வரை இருந்தால் நேராக மாட்டலாம். 2 அல்லது 3 ஓம் என்றால், அதற்கான டிரைவர் ஈசியுவில் இருக்க வேண்டும் அல்லது ரெசிஸ்டர் பெட்டி போட வேண்டும். இல்லாவிட்டால் டிரைவர் கருகும். ரெசிஸ்டர் போட்டால் இன்ஜெக்டர் திறக்கும் தாமதமும் கூடும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அழுத்தம். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலில் கேஜ் மாட்டாமல் ட்யூனிங்கில் இறங்க வேண்டாம். கேஜ் மாட்டுமுன் பம்ப் ஃபியூஸை எடுத்து, இன்ஜினை அணையும்வரை ஓட்டி அழுத்தத்தை இறக்குங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ரெகுலேட்டரின் வாக்கும் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்த்தால் வழக்கமாக 3 பார். ஹோஸை மாட்டினால் ஐடிலில் 2.3, 2.4 பாருக்கு இறங்கும். அதுதான் சரி. மேனிஃபோல்டில் உறிஞ்சல் கூடும்போது ரெயில் அழுத்தமும் அதே அளவு இறங்கினால்தான் இன்ஜெக்டரின் இரு முனைக்கும் இடையே 3 பார் மாறாமல் இருக்கும்.

ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும், வாக்கும் ஹோஸ் இல்லாத வண்டிகளில் இது நடக்காது. அங்கே ஐடிலில் இன்ஜெக்டர் 3.65 பார் வித்தியாசத்தைப் பார்க்கிறது. இன்ஜெக்டரின் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே கணக்கைவிடப் பத்து சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் விழும். ஈசியுவில் அழுத்தத் திருத்தம் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால், ஐடில் பகுதியில் விஇ எண்கள் தாழ்ந்தே நிற்கும் என்று தெரிந்துகொண்டு வேலை செய்யுங்கள்.

இதே வர்க்கமூலம் இன்ஜெக்டர் அளவை உள்ளிடும்போதும் வரும். 3 பாரில் 240 சிசி கொடுக்கும் இன்ஜெக்டர் 4 பாரில் 277 கொடுக்கும், 2.5 பாரில் 219தான். அளவுத்தாள் எந்த அழுத்தத்தில் எடுத்தது என்று பார்க்காமல் எண்ணைத் தட்டுவது பரவலான தவறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,600 சிசி, நான்கு சிலிண்டர், நிமிடத்துக்கு 240 சிசி இன்ஜெக்டர். ஒரு சிலிண்டர் முழுதாக நிரம்பினால் 400 சிசி காற்று, எடை ஏறத்தாழ 0.48 கிராம். அதற்கு 0.033 கிராம் பெட்ரோல். அந்த இன்ஜெக்டர் ஒரு மில்லிசெகண்டில் 0.003 கிராம் ஊற்றும். ஆக அடிப்படை நேரம் 11 மில்லிசெகண்ட். உங்கள் மென்பொருள் 22 என்றோ 5.5 என்றோ சொன்னால், இன்ஜெக்டர் எண்ணிக்கையிலோ, ஒரு சுழற்சிக்கு எத்தனை முறை பீய்ச்ச வேண்டும் என்ற அமைப்பிலோ குழப்பம் இருக்கிறது. இரண்டு முறை பீய்ச்சினால் 11ஐ இரண்டாகப் பிரித்து 5.5 என்று காட்டும் மென்பொருளும் உண்டு, அது பிழையில்லை.

இப்போது திறக்கும் தாமதம். வயரில் மின்சாரம் வந்த கணத்துக்கும் ஊசி எழும் கணத்துக்கும் இடையிலான நேரம் இது. 14 வோல்ட்டில் பொதுவாக ஒரு மில்லிசெகண்ட்டை ஒட்டி இருக்கும், வோல்டேஜ் இறங்க இறங்கக் கூடும். மேலே சொன்ன இன்ஜின் ஐடிலில் 35 கிலோபாஸ்கல், விஇ 45 என்றால், உண்மையில் பெட்ரோல் விழும் நேரம் 1.7 மில்லிசெகண்ட்தான். தாமதத்தை 0.2 மில்லிசெகண்ட் தவறாகப் போட்டால் ஐடிலில் கலவை 12 சதவீதம் புரளும். முழு த்ராட்டிலில் அதே 0.2 இரண்டு சதவீதத்தைத் தாண்டாது.

அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஐடில் நிலையாக இருக்கும்போது எல்லா மின் சுமைகளையும் போட்டு வோல்டேஜை ஒன்றரை வோல்ட் இறக்குங்கள். கலவை லீன் பக்கம் போனால் வோல்டேஜ் திருத்தம் போதவில்லை. ரிச் பக்கம் போனால் மிகுதி. இன்னொரு வழி: ஒரு சுழற்சிக்கு ஒருமுறை பீய்ச்சுவதை இரண்டு முறையாக மாற்றிப் பாருங்கள். தாமதம் சரியாக இருந்தால் ஏஎஃப்ஆர் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மிகப் பெரிய இன்ஜெக்டர்களில் இந்த இரண்டாவது சோதனை உதவாது. அவை அவ்வளவு குறுகிய நேரத்தில் ஒரே சீராகத் திறப்பதில்லை.

வைட்பேண்ட் பொய் சொல்லும்

வண்டியோடு வந்த பழைய ஆக்சிஜன் சென்சார் ரிச்சா லீனா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. ட்யூனிங்குக்கு, எவ்வளவு என்றும் சொல்லும் வைட்பேண்ட் சென்சார் வேண்டும். அதை கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், குழாயின் மேல்பாதியில், நீர் உள்ளே தேங்காதபடி குறைந்தது 10 டிகிரி சாய்வில் பொருத்துங்கள். மின்சாரம் கொடுக்காமல் எக்சாஸ்டில் மாட்டி வைத்து இன்ஜினை ஓட்டினால் சென்சார் கெடும்.

முதலில் அதன் கேஜில் தெரியும் எண்ணும் லேப்டாப்பில் தெரியும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். 0 வோல்ட் என்றால் 7.35, 5 வோல்ட் என்றால் 22.39 என்ற அளவீட்டில் அனுப்பும் கண்ட்ரோலரில், எர்த் வித்தியாசம் 0.1 வோல்ட் இருந்தாலே ஏஎஃப்ஆர் 0.3 தள்ளிப்போகும். கண்ட்ரோலரின் சிக்னல் எர்த்தை ஈசியுவின் சென்சார் எர்த்தோடும், ஹீட்டர் எர்த்தை இன்ஜின் பிளாக்கோடும் சேர்ப்பது பொது வழக்கம். கண்ட்ரோலரின் கையேடு வேறு சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

சென்சாருக்கு முன்னால் எக்சாஸ்ட் கசிந்தால் வெளிக்காற்று நுழைந்து லீன் என்று காட்டும், குறிப்பாக ஐடிலில். இதைவிட மோசமான கண்ணி மிஸ்ஃபயர். சென்சார் அளப்பது பெட்ரோலை இல்லை, ஆக்சிஜனை. பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்து ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், அதன் காற்று அப்படியே வெளியே வரும், மீட்டர் லீன் என்று அடித்துச் சொல்லும். நீங்கள் இன்னும் பெட்ரோல் கூட்டுவீர்கள், இன்னும் மிஸ் ஆகும். ஐடிலில் 17, 18 காட்டிக்கொண்டே சைலன்சர் கறுப்பாகத் துப்பினால் மீட்டரை நம்பாதீர்கள். ஐந்து சதவீதம் பெட்ரோலைக் குறைத்துப் பாருங்கள். ஆர்பிஎம் ஏறி ஓட்டம் மென்மையானால் அது ரிச்தான்.

பிழை எந்த இடத்தில் இருக்கிறது

இதுவரை சொன்னதை முடித்துவிட்டு, விஇ டேபிளை மாற்றாமல் ஐடில், மெல்லிய ஓட்டம், ஏற்றம் மூன்றும் வருமாறு ஒரு லாக் எடுங்கள். ஏஎஃப்ஆர் எங்கே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

எல்லா இடத்திலும் ஒரே சதவீதம் தள்ளியிருந்தால் இன்ஜெக்டர் அளவு, ரெயில் அழுத்தம், அடிப்படை நேரம் இவற்றில் ஒன்று தவறு. சரியாக இரட்டிப்பு அல்லது பாதி என்றால் பீய்ச்சும் எண்ணிக்கை. ஐடிலிலும் லேசான சுமையிலும் மட்டும் தள்ளி, சுமை ஏற ஏறச் சரியானால் திறக்கும் தாமதம் அல்லது வாக்கும் ஹோஸ். ஐடிலில் சரியாக இருந்து, அதிக ஆர்பிஎம்மில் முழு த்ராட்டிலில் மட்டும் லீன் ஆனால், விஇயைத் தொடாமல் கேஜைப் பாருங்கள்: அழுத்தம் விழுந்தால் ஃபில்டர், பம்ப், அல்லது பம்புக்குப் போகும் வயர். இன்ஜின் ஓடும்போது பம்பின் முனையிலேயே 13 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். அழுத்தம் நின்றும் லீன் என்றால் இன்ஜெக்டரின் ட்யூட்டியை, அதாவது அது திறந்திருக்கும் நேரத்தின் சதவீதத்தைப் பாருங்கள். 85 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஜெக்டர் போதவில்லை.

காலையில் சரி, மதிய நெரிசலில் லீன் என்றால் காற்று வெப்ப சென்சார். சூடான மேனிஃபோல்டில் திருகியிருந்தால் உலோகத்தின் வெப்பத்தையே காற்றின் வெப்பம் என்று சொல்லும். 20 டிகிரி காற்றை 60 என்று நினைத்தால் ஈசியு 12 சதவீதம் பெட்ரோலைக் குறைக்கும். சென்சாரை த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள குழாய்க்கு மாற்றுங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் கண்டபடி தாவினால் எர்த், கிராங்க் சிக்னல், ஸ்பார்க் வயர்களின் இரைச்சல் இவற்றில்தான் தேட வேண்டும்.

வாக்கும் லீக் பற்றி ஒரு வார்த்தை. காற்று மீட்டர் உள்ள பழைய ஈசியுவில் லீக் இருந்தால் கலவை லீன் ஆகும். ஸ்பீட் டென்சிட்டியில் உள்ளே வந்த காற்று எந்த வழியாக வந்தாலும் மேனிஃபோல்ட் அழுத்தத்தில் தெரிந்துவிடும், பெட்ரோலும் கூடவே வரும். இங்கே லீக்கின் அடையாளம் இறங்க மறுக்கும் ஐடில் ஆர்பிஎம்தான்.

இப்போது விஇ டேபிள்

கூலன்ட் 80 டிகிரி தாண்டட்டும். ஆக்சிஜன் சென்சார் திருத்தத்தை அணையுங்கள், ஆக்சிலரேஷன் கூட்டலை (மிதித்த கணத்தில் சேரும் கூடுதல் பெட்ரோல்) மிகக் குறைவாக வையுங்கள். ஏஎஃப்ஆர் இலக்கைக் கணக்கில் சேர்க்கும் அமைப்பு இருந்தால் வேண்டுமா வேண்டாமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பாதியில் மாற்றினால் டேபிள் முழுக்க நகரும். டர்போ இல்லாத சாதாரண இன்ஜினுக்கு ஐடிலில் 13.5 முதல் 14.7, மெல்லிய ஓட்டத்தில் 14.7, முழு த்ராட்டிலில் 12.5 முதல் 13 தொடக்க இலக்குகளாகப் போதும்.

கணக்கு எளிது. பழைய விஇயை, அளந்த ஏஎஃப்ஆரால் பெருக்கி, இலக்கால் வகுத்தால் புதியது. 50 இருந்த செல்லில் 16 அளந்து இலக்கு 14 என்றால் 57. ஈசியு நான்கு செல்களைக் கலந்து எடுப்பதால் ஒரு செல்லை மட்டும் தூக்காமல் சுற்றியுள்ளவற்றையும் சேர்த்து நகர்த்துங்கள். ஐடிலைச் சுற்றிய செல்களை ஏறக்குறைய ஒரே எண்ணாக வைப்பது நல்லது. அங்கே மேடு பள்ளம் இருந்தால் ஆர்பிஎம் சற்று இறங்கும்போது ரிச், ஏறும்போது லீன் என்று மாறி மாறி இழுத்து இன்ஜின் ஊசலாடும்.

ஓட்டும்போது லேப்டாப்பை இன்னொருவர் பார்க்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதிகச் சுமைப் பகுதியை ரிச்சாகத் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முழு த்ராட்டிலில் 13.5ஐத் தாண்டினாலோ டிங் டிங் என்று நாக் கேட்டாலோ உடனே காலை எடுங்கள். டர்போ இன்ஜினின் பூஸ்ட் பகுதியை டைனோவில்தான் (வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி ஓட்டி அளக்கும் இயந்திரம்) ட்யூன் செய்ய வேண்டும்.

வைட்பேண்டைப் பார்த்துத் தானே விஇ எண்களைத் திருத்தும் ஆட்டோ ட்யூன் நல்ல உதவியாள், ஆனால் யோசிக்கத் தெரியாது. கூலன்ட் 75 டிகிரிக்குக் கீழே இருந்தாலும், த்ராட்டில் வேகமாக அசைந்தாலும், காலை எடுத்ததும் பெட்ரோல் நின்று ஏஎஃப்ஆர் 20ஐத் தாண்டினாலும் அந்தத் தரவை ஒதுக்கும்படி ஃபில்டர் போடுங்கள். இல்லாவிட்டால் இறக்கத்தில் பெட்ரோல் நின்றதை லீன் என்று எண்ணி அந்தச் செல்களை ஊதிப் பெருக்கிவிடும்.

மிதித்ததும் அடைப்பு, குளிர்ந்த ஸ்டார்ட்

நிலையான ஓட்டம் சரியான பிறகுதான் ஆக்சிலரேஷன் கூட்டல். மிதித்த கணத்தில் லாகில் ஏஎஃப்ஆர் ஏறினால் கூட்டல் போதவில்லை, இறங்கினால் மிகுதி. ஸ்பார்க் விழுந்த நொடிக்கும் சென்சார் அதைக் காட்டும் நொடிக்கும் இடைவெளி உண்டு, லாகைப் படிக்கும்போது அதையும் கழித்துப் பாருங்கள்.

குளிர்ந்த ஸ்டார்ட்டை ஒரு நாளில் ஒருமுறைதான் சோதிக்க முடியும். கிராங்கிங் பெட்ரோல், ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகளின் கூட்டல், சூடேறும்வரை தொடரும் கூட்டல் ஆகிய மூன்றும் தனித்தனி. ஸ்டார்ட்டரைச் சுற்றியும் பிடிக்கவே இல்லையென்றால் முதலாவது. பிடித்து மூன்று நான்கு நொடியில் அணைந்தால் இரண்டாவது. ஒரு நிமிடம் ஓடியபின் திணறினால் மூன்றாவது. ஒரு காலையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக் நனைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். வெள்ளத்தை வடிக்கும் அமைப்பு ஆன் ஆகியிருந்தால் ஈசியு பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் தள்ளும்.

கடைசியாக ஆக்சிஜன் சென்சார் திருத்தத்தைத் திரும்ப ஆன் செய்து, கூட்டவும் குறைக்கவும் பத்து சதவீதத்துக்கு மேல் அனுமதி கொடுக்காமல் ஒரு வாரம் லாக் எடுங்கள். அது எந்தச் செல்லிலாவது தொடர்ந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தால் அந்தச் செல்லைத் திருத்துங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ட்யூன் ஃபைலைத் தேதியோடு தனிப் பெயரில் சேமித்து வையுங்கள். நேற்று நன்றாக ஓடிய எண்களுக்குத் திரும்ப வேண்டிய நாள் கட்டாயம் வரும்.